பிரிச்சு கொடுத்தா என்ன, கொடுக்கலன்னா என்ன? வீட்டுக் குப்பை ரீசைக்கிளிங் கணக்கு

சென்னை கொடுங்கையூர் குப்பைக் கிடங்குல குப்பையை எரிச்சு கரண்ட் எடுக்குற ஆலை வரப்போகுதுன்னு பேச்சு கிளம்பி, 2025 மே மாசம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலி போட்டு எதிர்த்ததுல இருந்து ஒரு பழைய சண்டை மறுபடி சூடாகியிருக்கு. "எல்லாத்தையும் பிரிச்சு ரீசைக்கிள் பண்ணா எரிக்க வேண்டிய அவசியமே இல்ல"ன்னு ஒரு கூட்டம். "நாம ஈரத்துக்கு பச்சை டப்பா, காஞ்சதுக்கு நீல டப்பான்னு பிரிச்சு வைக்கிறோம், வண்டில ஒன்னா தான் கொட்டுறாங்க, ரீசைக்கிளிங்கே ஒரு ஏமாத்து வேலை"ன்னு இன்னொரு கூட்டம். ரெண்டு பேரும் பாதி சரி, ஆனா ரெண்டு பேரும் ஒரே வார்த்தையை வச்சுக்கிட்டு வேற வேற பொருளைப் பத்தி பேசுறாங்க, அதான் சண்டை முடிய மாட்டேங்குது.

முதல்ல எது எதுன்னு தெரிஞ்சுக்கலாம்

பேச்சுவழக்குல எல்லாத்துக்கும் ரீசைக்கிளிங்னு சொல்லிடுறோம். உள்ள இருக்கிறது நாலு வேலை.

1. மறுபயன்பாடு. பொருளை உருக்காம உடைக்காம அப்படியே திரும்ப பயன்படுத்துறது. கோலி சோடா பாட்டில், இட்லி மாவு வாங்க எடுத்துட்டு போற தூக்கு.
2. ரீசைக்கிளிங். உருக்கியோ கூழாக்கியோ அதே மாதிரி பொருளை மறுபடி செய்றது. பழைய அலுமினிய குண்டான் உருகி புது குண்டான் ஆகுற மாதிரி.
3. தரம் இறங்குற ரீசைக்கிளிங். தண்ணி பாட்டில் துணி நூலாகும், பால் கவர் கருப்பு பைப்பாகும். அதுக்கு அப்புறம் பெரும்பாலும் அதோட கதை முடிஞ்சுது.
4. எரிச்சு சூடு எடுக்குறது. இது ரீசைக்கிளிங்கே இல்ல, ஆனா பல கணக்குகள்ல "குப்பை பதப்படுத்தப்பட்டது"ங்கற தலைப்புக்குள்ள சத்தமில்லாம உக்காந்திருக்கும்.

யாராவது "இவ்வளவு சதவீதம் ரீசைக்கிள் ஆகுது"ன்னு சொன்னா, இந்த நாலுல எதை சேர்த்து சொல்றாங்கன்னு கேளுங்க, பாதி விவாதம் அங்கயே முடிஞ்சிடும்.

ஒரு வீட்டு குப்பைக்குள்ள என்ன இருக்கு

சென்னையில ஒரு நாளைக்கு 5,000 டன்னுக்கு மேல குப்பை சேருது. நாலு பேர் இருக்கிற வீட்டுல தினம் ரெண்டு ரெண்டரை கிலோ வரும்னு வச்சுக்கங்க. அதுல எடைக்கு பாதி ஈரம், அதாவது காய்கறித் தோல், மீந்த சோறு, டீத்தூள், மீன் செதில், சாமிக்கு போட்ட பூ. மீதில பேப்பர், அட்டை, பிளாஸ்டிக், கொஞ்சம் கண்ணாடி, கொஞ்சம் தகரம், டயப்பர், நாப்கின், கிழிஞ்ச துணி, கூட்டித் தள்ளுன மண்ணு.

2016ல வந்த திடக்கழிவு மேலாண்மை விதி வீட்டுலயே மூணா பிரிக்கச் சொல்லுச்சு: மக்குற குப்பை, மக்காத குப்பை, அப்புறம் டியூப்லைட், பேட்டரி, காலாவதியான மாத்திரை, பெயின்ட் டப்பா மாதிரி ஆபத்தான குப்பை. நாப்கின் டயப்பரை தனியா சுத்தி கொடுக்கணும்னும் அதுல இருந்துச்சு. ரீசைக்கிளிங்னு சொன்னதும் நம்ம மனசுல வர்றது பிளாஸ்டிக் பாட்டில். ஆனா எடையில பெருசு ஈரக் குப்பை தான். இதை கொஞ்சம் ஞாபகத்துல வச்சுக்கங்க, கடைசில தேவைப்படும்.

வேணும்னு சொல்றவங்க கணக்கு

இந்தப் பக்கத்துல ரொம்ப பலமான வாதம் உலோகம் தான். பாக்சைட் தோண்டி, அலுமினா எடுத்து, அதுக்குள்ள கரண்டை பாய்ச்சி அலுமினியம் ஆக்குறதுக்கு ஆகுற எனர்ஜில சுமார் 5 சதவீதம் போதும், பழைய அலுமினியத்தை உருக்குறதுக்கு. எத்தனை தடவை உருக்குனாலும் தரம் பெருசா இறங்காது. இரும்பும் இப்படித்தான், மிச்சமாகுறது மட்டும் அலுமினியம் அளவுக்கு இல்ல. இதுல வாதம் பண்றதுக்கு ஒன்னுமில்ல, அதனால தான் தெருவுல அலுமினிய துண்டு ஒன்னு ஒரு ராத்திரி கூட தாங்காது.

பேப்பர் அடுத்தது. ஒவ்வொரு தடவை கூழாக்கும்போதும் நார் குட்டையாகிட்டே வரும், அஞ்சாறு தடவைக்கு மேல தாங்காது. அப்படியும் இந்தியாவுல பேப்பர் மில்கள் பெரும்பகுதி பழைய பேப்பரை நம்பித்தான் ஓடுது, உள்ளூர்ல பத்தாம வெளிநாட்டுல இருந்து கப்பல்ல வேற இறக்குமதி பண்றாங்க. கரூர் புகளூர்ல இருக்கிற அரசு காகித ஆலை கரும்புச் சக்கைக்கு பேர் போனது, அவங்களே பழைய பேப்பர்ல இருந்து மை நீக்கி கூழ் எடுக்க தனி பிளான்ட் போட்டிருக்காங்க. ஒரு நாடே கழிவுப் பேப்பரை காசு கொடுத்து வாங்கும்போது நம்ம வீட்டு நியூஸ்பேப்பர் மேல சாம்பார் கொட்டி தூக்கி போடுறது எவ்வளவு அபத்தம்னு பாருங்க.

மூணாவது வேலைவாய்ப்பு. பழைய பேப்பர்காரர், காயலான் கடை, குப்பை பொறுக்குறவங்க, தரம் பிரிக்கிற குடோன், அரைக்கிற மில்னு ஒரு பெரிய சங்கிலி எந்த அரசு திட்டமும் இல்லாம தானா ஓடிட்டு இருக்கு. நாலாவது, குப்பை கொட்ட நிலம். சென்னையோட ரெண்டு கிடங்கு, கொடுங்கையூரும் பெருங்குடியும், மலை மாதிரி வளர்ந்துச்சு, அதுல பெருங்குடி கிடங்கு உக்காந்திருக்கிறது பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துல. அமெரிக்கா மாதிரி "எங்ககிட்ட நிலம் நிறைய இருக்கு, புதைச்சுட்டு போறோம்"னு நாம சொல்ல முடியாது.

வேணாம்னு சொல்றவங்க கணக்கு

இவங்களை வெறும் சோம்பேறிங்கன்னு ஒதுக்கிட முடியாது. குறிப்பா பிளாஸ்டிக் விஷயத்துல.

1. நடக்கவே இல்லைங்கறது. 1950ல இருந்து 2015 வரைக்கும் உலகத்துல தயாரான பிளாஸ்டிக் 830 கோடி டன், அதுல குப்பையா ஆனதுல சுமார் 9 சதவீதம் தான் ரீசைக்கிள் ஆச்சு, 12 சதவீதம் எரிஞ்சுது, மீதி எல்லாம் குப்பைமேட்டுலயும் மண்ணுலயும் கடல்லயும் கிடக்குதுன்னு 2017ல வந்த ஒரு பெரிய ஆய்வு சொல்லுச்சு. ரீசைக்கிள் ஆனதா சொன்ன அந்த 9லயும் பெரும்பகுதி ஒரே ஒரு தடவை தான்.

2. அடுத்தவன் வாசல்ல கொட்டுறது. பணக்கார நாடுகள் பல வருஷம் "ரீசைக்கிள் பண்றோம்"னு சொன்னதுல பெரிய பங்கு, கன்டெய்னர்ல ஏத்தி சீனாவுக்கு அனுப்புனது தான். 2018 ஜனவரியில சீனா கதவை சாத்துச்சு, அதே பிளாஸ்டிக் மலேசியா, வியட்நாம், தாய்லாந்துனு திரும்புச்சு. இந்தியாவும் 2019ல பிளாஸ்டிக் கழிவு இறக்குமதிக்கு தடை போட்டுச்சு.

3. விலை. புது பிளாஸ்டிக் கச்சா எண்ணெய்ல இருந்து வருது. எண்ணெய் விலை விழுந்தா புது பிளாஸ்டிக்கே மலிவா கிடைக்கும், பழசை கழுவி அரைச்சு விக்கிறவர் தலைல துண்டு. இது போதாதுன்னு 2021 அக்டோபர்ல பிளாஸ்டிக் கழிவு மேல ஜிஎஸ்டியை 5 சதவீதத்துல இருந்து 18க்கு ஏத்துனாங்க. ஒரு கையால தூய்மை இந்தியா, இன்னொரு கையால இது.

4. தண்ணி. பிளாஸ்டிக்கை கழுவாம உருக்க முடியாது. 2019 கோடையில லாரித் தண்ணிக்கு குடத்தோட வரிசைல நின்ன ஊர்ல, சாஸ் பாட்டிலை குழாயைத் திறந்து விட்டு பளபளன்னு கழுவி நீல டப்பாவுல போடுறது நியாயமான்னு கேட்டா பதில் சொல்றது கஷ்டம். மில்லுல கழுவுற தண்ணில மைக்ரோபிளாஸ்டிக் துகள் கலந்து வெளிய போறதும் இருக்கு.

5. பழியை இடம் மாத்துறது. என்னைக் கேட்டா இருக்கிறதுலயே கூர்மையான வாதம் இது தான். ரீசைக்கிள் பண்ண முடியாத பாக்கெட்டை கோடிக்கணக்குல அடிச்சு தள்ளுறது கம்பெனி, பிரிக்கலன்னு திட்டு வாங்குறது வீட்டுல இருக்கிற அம்மா. "நீ தயாரிச்சதை நீயே திரும்ப எடு"ன்னு ஒரு பொறுப்பை சட்டத்துல கம்பெனிகள் மேல வச்சிருக்காங்க, அதுக்கு ரீசைக்கிள் ஆலைகள்கிட்ட இருந்து சான்றிதழ் வாங்கிக் காட்டலாம். 2023ல மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தோண்டிப் பாத்தப்ப சில ஆலைகள் மட்டுமே 6 லட்சம் போலி சான்றிதழ் வித்திருந்தது வெளிய வந்துச்சு. பேப்பர்ல ரீசைக்கிள் ஆயிடுச்சு, பாக்கெட் மட்டும் கால்வாய்ல மிதக்குது.

தராசு எல்லாத்தையும் சொல்லிடும்

இந்த ரெண்டு பக்க வாதத்தையும் மண்டையில ஏத்திக்கிட்டு குழம்ப வேண்டாம், தெருமுனை காயலான் கடைக்கு போய் நில்லுங்க. எது ரீசைக்கிள் ஆகும் எது ஆகாதுங்கறதுக்கு அவரை விட நேர்மையான ஆள் கிடையாது, ஏன்னா அவர் சொந்தக் காசைப் போட்டு வாங்குறார்.

பித்தளை, செம்புன்னா முகம் மலரும். அலுமினியம் சரி. இரும்பு சரி. நியூஸ்பேப்பர், நோட்டு, அட்டை எல்லாம் எடுத்துப்பார், நனைஞ்சிருந்தா எடையைக் கழிப்பார் இல்ல வேணாம்பார். தண்ணி பாட்டில் எடுப்பார். ஷாம்பு டப்பா, பக்கெட் மாதிரி கெட்டி பிளாஸ்டிக் எடுப்பார். பால் கவர் சேர்த்து வச்சிருந்தா எடுப்பார், ஆனா முகர்ந்து பாப்பார். பீர் பாட்டிலுக்கு ஏதோ ஒன்னு ரெண்டு ரூபா, உடைஞ்ச கண்ணாடின்னா கையைக் காட்டி போகச் சொல்லிடுவார். சிப்ஸ் பாக்கெட், பிஸ்கட் கவர், தெர்மாகோல், டூத்பேஸ்ட் டியூப் எல்லாம் எடுத்துட்டு போனா "இதை ஏன் கொண்டாந்தீங்க"ன்னு ஒரு பார்வை.

அந்தப் பார்வைக்குப் பின்னாடி கணக்கு இருக்கு. ஒரு லிட்டர் தண்ணி பாட்டில் சுமார் 20 கிராம், அம்பது பாட்டில் பொறுக்குனா ஒரு கிலோ. சின்ன சிப்ஸ் பாக்கெட் நாலஞ்சு கிராம் தான், ஒரு கிலோவுக்கு இருநூறுக்கு மேல குனிஞ்சு நிமிரணும். சரி, குனிஞ்சு எடுத்தாச்சுன்னே வைங்க, அந்த பாக்கெட் ஒரே பொருளும் இல்ல, பிரின்ட் அடிச்ச ஒரு லேயர், பளபளன்னு அலுமினியம் பூசின ஒரு லேயர், ஒட்டுறதுக்கு இன்னொரு லேயர்னு வேற வேற பொருளை ஒட்டி செஞ்சது, பிரிச்சு எடுக்குற செலவுக்கு புதுசாவே செஞ்சிடலாம். இதைத்தான் எம்எல்பி, அதாவது மல்டி லேயர் பிளாஸ்டிக்னு சொல்றாங்க. மொறுமொறுப்பு மாறாம இருக்கிறதுக்காக செஞ்ச அதே வேலை தான் அதை ரீசைக்கிள் பண்ண முடியாம பண்ணுது.

பெட் பாட்டில், அதாவது அந்தத் தண்ணி பாட்டில் கதை கொஞ்சம் நல்ல கதை. 2023 பிப்ரவரில பிரதமர் நாடாளுமன்றத்துக்கு போட்டுட்டு வந்த நீல ஜாக்கெட் பழைய பாட்டில்ல இருந்து எடுத்த நூல், துணி கரூர்ல தயாரானது. ஆனா அந்த ஜாக்கெட் மறுபடி பாட்டில் ஆகுறது ரொம்ப கஷ்டம். படியில ஒரு படி கீழ இறங்கியாச்சு, அவ்வளவு தான். மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரி பேராசிரியர் ராஜகோபாலன் வாசுதேவன் கண்டுபிடிச்ச பிளாஸ்டிக் ரோடும் அதே வகை. சூடான ஜல்லி மேல பிளாஸ்டிக் துகளை உருக வச்சு பூசி அப்புறம் தார் கலக்குறது, 2018ல அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தாங்க. கேரி பேக்குக்கு எல்லாம் இது உருப்படியான வழி, ஆனா ரோட்டுக்குள்ள போனது திரும்பி வராது.

கண்ணாடில இன்னொரு பாடம் இருக்கு. கண்ணாடியை எத்தனை தடவை வேணா உருக்கலாம்னு பெருமையா சொல்வாங்க, உண்மை தான், ஆனா பழைய கண்ணாடியை உருக்குறதுக்கும் சூளை எரியணும், எனர்ஜி மிச்சம் சுமாரா 20, 30 சதவீதம் தான், எடை வேற ஜாஸ்தி, லாரி டீசல். உருக்காம கழுவி திரும்ப நிரப்புறது தான் லாபம். நீலகிரில காட்டுக்குள்ள உடைச்சுப் போடுற மது பாட்டில் யானைக் கால்ல குத்துதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022ல டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கிட்டு காலி பாட்டிலைக் கொடுத்தா திருப்பித் தர்ற திட்டம் வந்துச்சு. பெரும்பாலான பாட்டில் திரும்பி வந்துச்சு, அப்புறம் வேற மாவட்டங்களுக்கும் கொண்டு போனாங்க. கடைக்காரங்களுக்கு வேலை கூடுதேன்னு புலம்பல் இருந்துச்சு, அது நியாயமான புலம்பல் தான். ஆனா எத்தனை விழிப்புணர்வு போஸ்டர் ஒட்டினாலும் நடக்காதது பத்து ரூபாயில நடந்துச்சு. சிப்ஸ் பாக்கெட்டுக்கு இப்படி ஒரு ரூபா வச்சா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, எந்தக் கம்பெனியும் ஏன் அதைப் பத்தி பேச மாட்டேங்குதுன்னும் யோசிச்சுப் பாருங்க.

அப்ப எதுக்கு பிரிக்கணும்? ஈரத்துக்காக

இங்க தான் ரெண்டு கூட்டமும் கோட்டை விடுறாங்க. பிரிக்கிறதோட பெரிய லாபம் நீல டப்பால இல்ல, பச்சை டப்பால இருக்கு.

காய்கறித் தோல் தனியா இருந்தா ரெண்டு மாசத்துல உரம். இல்ல, மூடுன தொட்டில அழுக விட்டா வாயு, சேத்துப்பட்டுல ஒரு நாளைக்கு 100 டன் அளவுக்கு ஈரக் குப்பைல இருந்து வண்டிக்கு போடுற கேஸ் எடுக்குற பிளான்ட் இருக்கு. அதே தோல் பிளாஸ்டிக் கவருக்குள்ள முடிச்சுப் போட்டு குப்பைமேட்டுக்கு போச்சுன்னா காத்து இல்லாம அழுகும், மீத்தேன் வரும். நூறு வருஷக் கணக்குல மீத்தேன் கார்பன் டை ஆக்சைடை விட சுமார் 28 மடங்கு சூட்டைப் பிடிச்சு வைக்கும். பத்திக்கவும் செய்யும். 2022 ஏப்ரல்ல பெருங்குடி கிடங்கு நாள் கணக்குல எரிஞ்சு சுத்துவட்டாரமே புகையில திணறுனது ஞாபகம் இருக்கும்.

ஈரம் கலந்தா மீதி எல்லாமும் கெடுது. பேப்பர் ஊறிப் போகும், அட்டை பூஞ்சை பிடிக்கும், பிளாஸ்டிக்கை கழுவ தண்ணி ஜாஸ்தியாகும். தலைகீழாவும் அப்படித்தான்: ரெண்டு பென்சில் பேட்டரி உள்ள போச்சுன்னா அந்த உரத்துல உலோகம் இறங்கும், உடைஞ்ச கண்ணாடித் துண்டு இருந்தா எந்த விவசாயி அதை கையால அள்ளுவார்?

அப்புறம் குப்பையைப் பிரிக்கிறவங்க கை. கலந்து கொடுத்த பையை குடோன்ல யாரோ ஒருத்தர் பிரிச்சு கவுத்து விரலால கிளறித்தான் பிரிக்கிறாங்க. அதுக்குள்ள இன்சுலின் ஊசியும், முட்டை ஓடும், டயப்பரும், ரசமும் ஒன்னா இருக்கும். நம்ம அடுப்படியில ஒரு நிமிஷத்துல முடியுற வேலை அங்க ஒருத்தரோட நாள் முழுக்க நாத்தம்.

செலவும் இருக்கு. பல வருஷமா கலந்து கொட்டுன மலையைத் தோண்டி, சலிச்சு, மண்ணு தனியா கல்லு தனியா பிளாஸ்டிக் தனியா எடுக்குறதுக்குப் பேர் பயோமைனிங். கொடுங்கையூர் ஒன்னுக்கு மட்டும் 600 கோடிக்கு மேல. அதுல வர்ற பிளாஸ்டிக் மண்ணும் அழுக்குமா எதுக்கும் ஆகாது, சிமென்ட் ஆலை சூளைக்கு எரிபொருளா போகுது. வீட்டுல பிரிக்க ஆகுற செலவு ரெண்டு டப்பா.

சத்தீஸ்கர்ல அம்பிகாபூர்னு ஒரு ஊர். சுய உதவிக் குழு பெண்கள் வீடு வீடா போய் பிரிச்சே வாங்குறாங்க, காஞ்ச குப்பையை நூத்துக்கும் மேல வகையா பிரிச்சு விக்கிறாங்க. பழைய குப்பைமேடு இருந்த இடம் இப்ப பூங்கா. அந்த முறைக்கு வித்து போட்டது வேலூர் பக்கத்துல நடந்த வேலை தான். சென்னைல ஏன் நடக்கலன்னு கேட்டா, அது பல மடங்கு சின்ன ஊர், ஒப்பிடுறது முழுசா நியாயம் இல்ல, ஆனா வார்டு அளவுல செய்யறதுக்கு ஊர் சின்னதா இருக்கணும்னு அவசியமும் இல்ல.

வண்டில ஒன்னா கொட்டுறாங்களே?

கொட்டுறாங்க, பல இடத்துல. வண்டில நாலு டப்பா இருந்தாலும் தெருவுல பத்து வீட்டுல ரெண்டு வீடு தான் பிரிச்சு கொடுக்குதுன்னா அந்த ரெண்டையும் தனியா வைக்க அவங்களுக்கு நேரமும் இருக்காது, இடமும் இருக்காது. குப்பை எடுக்குற கான்ட்ராக்டுக்கு காசு டன் கணக்குல கிடைக்கிற இடத்துல நிலைமை இன்னும் மோசம், எடை குறைஞ்சா வருமானம் குறையும், அப்ப ஈரத்தை யார் குறைக்க விரும்புவா? இது வீட்டுக்காரர் தப்பும் இல்ல, வண்டி தள்ளுறவர் தப்பும் இல்ல, ஒப்பந்தம் எழுதுன விதம்.

அதுவரைக்கும் வீட்டுல செய்யக்கூடியது, முக்கியத்துவ வரிசைல:

1. ஈரத்தை கவர்ல கட்டாம தனியா கொடுங்க, மாடியில இடம் இருந்தா தொட்டில போட்டு மக்க வைங்க. இது ஒன்னைச் செஞ்சாலே பாதி எடை தீந்துது.
2. காயலான் கடை வாங்குறதை காயலான் கடைக்கே கொடுங்க. வண்டிக்காரர் கலக்குறாரா இல்லையாங்கற பிரச்சனையே இல்ல.
3. பால் கவரை வெட்டும்போது மூலையை முழுசா துண்டிக்காதீங்க, ஒட்டிக்கிட்டு இருக்கிற மாதிரி வெட்டுங்க. அந்த நகத்தளவு முக்கோணத் துண்டை எந்த மெஷினும் எந்தக் கையும் பொறுக்காது, நேரா சாக்கடை. கவரை அலச குழாய்த் தண்ணி வேணாம், அரிசி கழுவுன தண்ணி போதும்.
4. சிப்ஸ் பாக்கெட்டை கழுவி காய வச்சு மெனக்கெட வேண்டாம். அது எங்கயும் ரீசைக்கிள் ஆகப் போறதில்ல.

எரிச்சுடலாமேன்னு சொல்றவங்களுக்கு

2016 விதியிலயே, ரீசைக்கிள் ஆகாத, கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்கு மேல சூடு தர்ற குப்பையை புதைக்கக் கூடாது, எரிபொருளா பயன்படுத்தணும்னு இருந்துச்சு. அதனால எரிக்கிறது சட்ட விரோதம் எல்லாம் இல்ல. கேள்வி, எரியுமாங்கறது தான். டெல்லி திமார்பூர்ல 1987லயே டென்மார்க் தொழில்நுட்பத்துல ஒரு ஆலை கட்டினாங்க, நம்ம ஊர் குப்பைல இருந்த ஈரத்துக்கும் மண்ணுக்கும் எதிர்பார்த்த சூடு வரல, சில வாரத்துலயே நின்னு போச்சு. இப்ப டெக்னாலஜி வளர்ந்திருக்கு, ஆனா ஈரச் சோறு அதே ஈரச் சோறு தான். ஆக எரிக்கிறதுக்கும் முதல்ல பிரிக்கணும்.

பிரிச்சுட்டா வேற சிக்கல். கொடுங்கையூர் ஆலைக்கு தினம் சுமார் 2,100 டன் வேணும்னு திட்டம். ஊரோட மொத்தம் 5,000 டன்னுக்கு மேல, அதுல பாதி ஈரம் போச்சு. மீதி ரெண்டாயிரத்து ஐநூறு சொச்சத்துல மண்ணு கல்லு எரியாது, அதைக் கழிங்க. காயலான் கடைக்கு போக வேண்டிய பேப்பர், அட்டை, பாட்டில், தகரத்தை கழிங்க. கையில நிக்கிறது அந்த 2,100க்கு பக்கத்துல கூட வராது. அப்ப ஆலை ஓடணும்னா பேப்பரும் பாட்டிலும் உள்ள போகணும், இல்லன்னா ஈரம் உள்ள போகணும். இப்படிப்பட்ட ஆலைக்கு ஒப்பந்தம் எல்லாம் வருஷக்கணக்குல போடுறது, தினம் இவ்வளவு குப்பை தர்றோம்னு கையெழுத்து போட்டுட்டா அதுக்கு அப்புறம் பிரிச்சு கொடுங்கன்னு மாநகராட்சி எதுக்கு வீட்டு வாசல்ல வந்து கேக்கப் போகுது?